இடது கை

வேலந்தாவளத்தில் சோதனைச் சாவடி தாண்டி
நூறடியில் இருக்கிறது எங்கள் எடை மேடை.
தக்காளி, வைக்கோல், செங்கல், பொள்ளாச்சித் தேங்காய்,
அந்தப் பக்கமிருந்து வருகிற எதுவும்
என் ஜன்னலுக்குக் கீழே நின்று ஒருமுறை மூச்சு விடும்.
பாரத்தோடு ஓர் எடை. இறக்கிவிட்டு ஓர் எடை.
கழித்தால் சரக்கு.
கழிக்கத் தெரிந்ததால்தான் எனக்கு இந்த நாற்காலி.

பெனிட்டா பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கேதான் வருவாள்.
இரண்டாம் வகுப்பு. மேசைக்கடியில் அவள் வீடு.
அன்று ரசீதுப் புத்தகம் முழுக்கக்
கார்பன் தாளை விட்டுவிடாமல்
பூனை வரைந்து வைத்திருந்தாள்.
ஒரு பூனைக்கு மூன்று பூனை:
வெள்ளையில், மஞ்சளில், ரோஸில்.
நாற்பது ரசீது. முதலாளி சம்பளத்தில் பிடிப்பார்.
"யாரு செஞ்சது?"
"டிரைவர் மாமா."

மர ஸ்கேலை எடுத்தேன்.
அவள் ஓடவில்லை, அழவும் இல்லை.
"நாளைக்கு மலையாளப் பரீட்சை எழுதணும்,
இதுல அடிம்மா" என்று
இடது கையை நீட்டினாள்.
விரல்களைச் சேர்த்துக்
கட்டைவிரலை மட்டும் ஒதுக்கி வைத்தாள்.
கட்டைவிரலில் பட்டால் கூடுதலாக வலிக்கும் என்று
யார் சொல்லிக் கொடுத்தது?
நான்தான்.
கொஞ்சம் கொஞ்சமாக.

அடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.
தூக்கிய கையை இறக்க
எனக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை.
இரண்டு.
மூன்றாவதற்காகக் கையை
அப்படியே வைத்திருந்தாள்.

ராத்திரி எட்டுக்கு மேல் வண்டி வரத்து நின்றதும்
மேடையில் ஏறி நடுவில் நின்று பார்த்தேன்.
சுவரில் சிவப்பு எண்: அறுபது.
ஸ்கேலால் இரும்புத் தகட்டில் ஓங்கி ஒன்று போட்டேன்.
அறுபது.
இன்னும் ஓங்கி.
அறுபது.
பத்துச் சக்கர வண்டிக்குக் கட்டிய மேடை,
பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதுவும்
இதன் கண்ணில் படாது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பெஞ்சில் படுத்திருந்தவள்
சத்தம் கேட்டுத் தூக்கத்திலேயே
இடது கையை மடக்கி
வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

நாசிக்கிலிருந்து அவள் அப்பா போனில் சிரித்தார்:
"நாமெல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம், ஜெசிந்தா?"
ஆமாம் என்றேன்.
வளர்ந்துதான் இருக்கிறோம்.

மறுநாளே மாறிவிட்டேன் என்று எழுத ஆசைதான்.
கை துருதுருத்தால் வெளியே போய்
மூன்று லாரி கடக்கிற வரை நிற்கிறேன்.
மத்தியானத்தில் மூன்று லாரி வர
முக்கால் மணி நேரம் ஆகும். நிற்கிறேன்.
நாற்பது ரசீதுக்குப் பதிலாக
நாற்பது தாளுக்குக் கோடு போட்டோம்,
அதே ஸ்கேலை வைத்து, இரண்டு பேரும்.
பத்து மணி ஆகிவிட்டது.
அடித்திருந்தால் ஒரு நிமிஷ வேலை.

மொய்துட்டியின் வண்டி அடுத்த வாரம்தான் வந்தது.
ஜன்னலில் எக்கி நின்று
"நாந்தான் வரைஞ்சேன், உங்க பேரைச் சொல்லிட்டேன்" என்றாள்.
அவருக்கு ஒன்றும் புரியவில்லை.
பழைய ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"பூச்சைக்கு மீச எவிடே மோளே?" என்றார்.
ஓடிப்போய்ப் பென்சில் எடுத்து வந்தாள்.

ஆனாலும் காலையில் பின்னல் போட
நான் சீப்பைத் தூக்கும்போது
அவள் இடது தோள் ஒருமுறை ஒடுங்குகிறது.
அவளுக்கே தெரியாமல்.
சீப்பை அவள் கையில் கொடுத்துவிட்டுக்
காத்திருக்கிறேன்.
வகிடு கோணலாகத்தான் வருகிறது.
எட்டே கால் பஸ் போய்விடுகிறது.
நடக்கிறோம்.